பிள்ளைக்குப் பணம் கொடுத்தால் வரி யார் கட்டுவது? தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஓர் எளிய விளக்கம்

வளர்ந்த பிள்ளைக்கு அப்பா அம்மா கொடுக்கும் பணத்துக்கு வரியே கிடையாது என்று தமிழ் யூடியூப் காணொளிகள் பல அடித்துச் சொல்கின்றன. அவர்கள் சொல்வது சரிதான், ஆனால் இந்தியாவுக்கு. அங்கே பழைய நன்கொடை வரியை 1998 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது அங்கே வாங்குகிறவரின் வருமானத்தில்தான் கணக்குப் பார்ப்பார்கள், அதிலும் பெற்றோர் கொடுத்தது என்றால் விலக்கு. அமெரிக்காவில் இருக்கும் மச்சானைக் கேட்டால் அவர் வேறொன்று சொல்வார்: வாங்குகிற ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு இவ்வளவு என்று தனித்தனி வரம்பு, மூன்று பிள்ளை இருந்தால் மூன்று மடங்கு. டர்பனிலோ லெனேசியாவிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ இருந்துகொண்டு இந்த இரண்டில் எதை நம்பிப் பணம் அனுப்பினாலும் கணக்குத் தப்பும்.

தென்னாப்பிரிக்காவில் கொடுக்கிறவர்மேல் வரி. அது டொனேஷன்ஸ் டாக்ஸ், அதாவது நன்கொடை வரி. தனிச் சட்டம் எதுவும் கிடையாது. 1962ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குள்ளேயே 54 முதல் 64 வரையிலான பிரிவுகளில் உட்கார்ந்திருக்கிறது. வசூலிப்பது நாம் சார்ஸ் என்று கூப்பிடும் வருவாய்த் துறை. நாட்டில் வரிக் குடியிருப்பாளராக இருக்கும் ஒருவர், பதிலுக்கு எதுவும் வாங்காமல் ஒரு சொத்தைக் கைமாற்றினால் அது நன்கொடை. பணம், நகை, கார், வீடு, பங்குகள் எல்லாம் அதில் அடக்கம். உங்களுக்கு வரவேண்டிய கடனை 'சரி, விடு' என்று தள்ளிவிடுவதும் நன்கொடைதான். இதைப் பலர் கவனிப்பதில்லை.

விகிதம் 20 சதவீதம். 2018 மார்ச் 1க்குப் பிறகு ஒருவர் கொடுத்த நன்கொடைகள் எல்லாம் சேர்ந்து 3 கோடி ரேண்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 25 சதவீதம். அந்த இரண்டாவது வரி நம்மில் யாருக்கும் வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன், வேண்டியிருந்தால் நல்லதுதான்!

பயப்படுவதற்கு முன்னால் விலக்கைப் பார்ப்போம். தனிநபர் ஒருவர் ஒரு வரி ஆண்டில் கொடுக்கும் முதல் 1,00,000 ரேண்டுக்கு வரி இல்லை. இது 2025 மார்ச் 1 முதல் 2026 பிப்ரவரி இறுதி வரையிலான வரி ஆண்டுக்கு இருந்த எண். பல வருடமாக இதே எண்தான் இருந்தது. கீழே வரும் கணக்குகளுக்கெல்லாம் இதையே எடுத்துக்கொள்கிறேன். பிப்ரவரி பட்ஜெட்டில் இந்த மாதிரி வரம்புகளை மாற்றுவார்கள் என்பதால், நீங்கள் கொடுக்கும் ஆண்டின் எண்ணை சார்ஸ் இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இந்த விலக்கு கொடுப்பவருக்கு உரியது, வாங்குபவருக்கு அல்ல. மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்த அப்பா மூன்று லட்சம் கொடுத்திருக்கிறார். அவருக்கு விலக்கு ஒரு லட்சம்தான். மீதி இரண்டு லட்சத்துக்கு 20 சதவீதம், அதாவது 40,000 ரேண்ட் வரி. தம்பி மகனுக்குக் கொடுத்தது, பேத்தி பிறந்தநாளுக்குப் போட்டது எல்லாம் அதே ஒரு லட்சத்துக்குள்தான் வரவேண்டும். ஒரு வருடத்தில் பயன்படுத்தாத விலக்கு அடுத்த வருடத்துக்குச் சேராது.

ஆனால் அப்பாவுக்கு ஒரு லட்சம் என்றால் அம்மாவுக்கும் ஒரு லட்சம். முழு விளையாட்டும் இங்கேதான். ஓர் உதாரணம். மகன் முதல் வீடு வாங்குகிறான், டெபாசிட்டுக்கு 3,50,000 ரேண்ட் குறைகிறது. அப்பாவும் அம்மாவும் சொத்து தனித்தனி என்ற ஒப்பந்தத்தோடு கல்யாணம் செய்தவர்கள். அப்பா மொத்தத்தையும் தன் கணக்கிலிருந்து ஒரே நாளில் அனுப்பினால் இரண்டரை லட்சத்துக்கு வரி, 50,000 ரேண்ட். அதையே அப்பா பாதி அம்மா பாதி கொடுத்தால் ஆளுக்கு 75,000க்கு வரி, இரண்டு பேருக்கும் சேர்த்து 30,000. இருவரும் பாதியைப் பிப்ரவரி முடிவதற்குள்ளும் மறுபாதியை மார்ச் 1க்குப் பிறகும் கொடுத்தால் ஒவ்வொரு தவணையும் 87,500தான், வரி எதுவும் இல்லை. மார்ச் 1இல் புது வரி ஆண்டு பிறந்துவிடுகிறதே. மகன் கைக்குப் போகும் பணம் மூன்று வழியிலும் ஒன்றுதான்.

அம்மா கையில் பணமே இல்லை, எல்லாம் அப்பா சம்பாத்தியம் என்றால்? கணவன் மனைவிக்குள் கொடுத்துக்கொள்வதற்கு நன்கொடை வரி இல்லை, எவ்வளவு பெரிய தொகையானாலும். அதனால் அப்பா முதலில் அம்மாவின் கணக்குக்கு மாற்றலாம், அப்புறம் அம்மா மகனுக்குக் கொடுக்கலாம். பணம் நிஜமாகவே அம்மா பெயரில் இருக்கும் கணக்குக்குப் போயிருக்க வேண்டும், அங்கிருந்து அவர் கையால் போக வேண்டும். அப்பா கணக்கிலிருந்து நேராக மகனுக்கு அனுப்பிவிட்டு 'பாதி அவள் கொடுத்தது' என்று வாயால் சொல்வது நிற்காது. கூட்டுச் சொத்து முறையில் கல்யாணம் செய்தவர்களுக்கு இந்தச் சுற்று வேலையே வேண்டாம். கூட்டுச் சொத்திலிருந்து ஒருவர் கொடுத்தாலும் இருவரும் சரிபாதி கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

நம் வீடுகளில் உடனே வரும் கேள்வி ஒன்று உண்டு. கோயிலில் தாலி கட்டினோம், ஹோம் அஃபேர்ஸ் என்ற உள்துறை அலுவலகத்தில் பதியவில்லை, அப்படியானால் நாங்கள் சட்டப்படி கணவன் மனைவியா? நன்கொடை வரிக்கு ஆம். வருமான வரிச் சட்டம் கணவன் அல்லது மனைவி என்று சொல்லும்போது, எந்த மதத்தின் முறைப்படி திருமணமாக ஏற்கப்பட்ட இணைப்பையும் அதில் சேர்த்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட திருமணத்தை, வேறு ஆதாரம் காட்டாத வரையில், சொத்து தனித்தனி என்றே வைத்துக்கொள்ளும். வாரிசுரிமையிலும் நீதிமன்றங்கள் இறங்கி வந்திருக்கின்றன. உயில் எழுதாமல் இறந்தவரின் இந்து முறை மனைவிக்கும் பங்கு உண்டு என்று டர்பன் உயர் நீதிமன்றம் 2009இல் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் எல்லாச் சட்டத்துக்கும் அந்தத் தாலி போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பதிவு செய்துகொள்வது நல்லது.

எவையெல்லாம் அந்த ஒரு லட்சத்தைத் தொடாது? பராமரிப்புக்காக நியாயமான அளவில் கொடுப்பது தொடாது. இங்கே 2007 ஜூலை முதல் 18 வயதானால் ஒருவர் மேஜர். ஆனால் பெற்றோரின் பராமரிப்புக் கடமை 18ஆம் பிறந்தநாளோடு முடிந்துபோவதில்லை, பிள்ளை தன் காலில் நிற்கும் வரை தொடர்கிறது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் படிக்கும் 20 வயது மகளின் கட்டணம், விடுதி, பஸ் காசு, சாப்பாடு எல்லாம் இந்த வகையில் வரும். வேலை போய் வீட்டுக்கே திரும்பிவந்த மகனுக்கு மளிகையும் மருந்தும் வாங்கிக்கொடுப்பதையும் இதில் வாதாடலாம். அவனுக்குப் புது டொயோட்டா வாங்கிக்கொடுத்துவிட்டு 'பராமரிப்பு' என்று சொன்னால் சார்ஸ் ஏற்றுக்கொள்ள வாய்ப்பில்லை. 'நியாயமான' அளவா என்று முடிவு செய்வது அவர்கள்தான்.

கோயிலுக்குக் கொடுப்பதும் தொடாது. கோயில் சங்கம் சார்ஸ் ஒப்புதல் பெற்ற பொதுநல அமைப்பாக இருந்தால் போதும். அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று கமிட்டியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணச் செலவு? இங்கே திருமணப் பரிசுக்கு என்று தனி விலக்கு கிடையாது. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் நாதஸ்வரத்துக்கும் நீங்களே பேசி நீங்களே கட்டினால் அது விழா நடத்தும் உங்கள் செலவு. மகள் கையில் கொடுக்கும் பணமும் சீர் நகையும் வேறு. தங்கத்துக்குச் சந்தை விலைதான் கணக்கு, பாட்டி காலத்தில் வாங்கிய விலை இல்லை. இன்றைய தங்க விலையில் ஒரு லட்சம் ரேண்ட் எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்பது கிரே ஸ்ட்ரீட் நகைக் கடைக்குப் போய்வந்த எல்லோருக்கும் தெரியும்.

வாங்கிய பிள்ளைக்கு வருமான வரி உண்டா என்றால், கொடுத்த தொகைக்கு இல்லை. பெற்றோர் கொடுத்த பணம் சம்பளமும் இல்லை வியாபார லாபமும் இல்லை. ஆனால் வருடாந்திர ரிட்டர்னில் வரிக்கு உட்படாத வரவுகளைக் காட்ட ஓர் இடம் இருக்கிறது, அங்கே போட்டுவிடுவது நல்லது. வங்கிக் கணக்கில் திடீரென்று இரண்டு லட்சம் ஏறியதற்கு விளக்கம் கேட்டு கடிதம் வந்த பிறகு தேடுவதைவிட அது சுலபம். அந்தப் பணத்தை வைப்பில் போட்டு வட்டி வந்தால், வட்டி பிள்ளையின் வருமானம். பிள்ளைக்கு 18 வயது ஆகாமல் இருந்தால் மட்டும் கதை மாறும். பெற்றோர் கொடுத்த பணத்திலிருந்து வரும் வட்டியை அப்போது கொடுத்த பெற்றோரின் வருமானத்திலேயே சேர்ப்பார்கள்.

வரி கட்ட வேண்டிய நிலை வந்தால் காலக்கெடு குறுகியது. நன்கொடை நடந்த மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். ஆகஸ்ட் 10ஆம் தேதி கொடுத்தால் செப்டம்பர் 30. ஐடி144 என்ற படிவத்தோடு கட்ட வேண்டும். வருடாந்திர ரிட்டர்ன் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வட்டி ஏறிக்கொண்டே போகும். கட்ட வேண்டியவர் கொடுத்தவர்தான். அவர் காலத்தில் கட்டாவிட்டால் கொடுத்தவர், வாங்கியவர் இருவரில் யாரிடமும் முழுத் தொகையையும் சார்ஸ் கேட்கலாம். அப்பாவின் பாக்கிக்கு மகன் வாசலில் வந்து நிற்கும்.

இனி காகிதம். பணம் உடனே கைமாறிவிட்டால் நன்கொடை செல்லுபடியாக எழுத்து வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 'அடுத்த வருடம் இரண்டு லட்சம் தருகிறேன்' என்ற வாக்குறுதி மட்டும் எழுத்தில் இருந்து, கொடுப்பவர் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் செல்லும். 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அப்படிச் சொல்கிறது. ஆனாலும் உடனே கொடுக்கும் பணத்துக்கும் ஒரு கடிதம் எழுதிவைக்கச் சொல்வேன். இன்ன தேதி, இன்ன தொகை, இன்னார் இன்னாருக்கு, திருப்பித் தர வேண்டியதில்லை என்று நாலு வரி. மகன் வீடு வாங்கும்போது வங்கியும், சொத்தைப் பெயர் மாற்றித் தரும் கன்வேயன்சர் வக்கீலும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பண மோசடித் தடுப்புச் சட்டம் அவர்களை அப்படிக் கேட்கவைக்கிறது. அந்தக் கடிதம் இருந்தால் அது டெபாசிட்டுக்கான பரிசு, மகன் வேறெங்கோ வாங்கிய கடன் இல்லை என்பது தெளிவாகிவிடும்.

பெரிய தொகையாக இருந்தால் கடனாகக் கொடுக்கலாமே என்று பலரும் யோசிப்பார்கள். யோசனை நல்லதுதான். வட்டியில்லாமல் மகனுக்கு நேராகக் கொடுக்கும் நிஜமான கடன் நன்கொடை ஆகாது. குடும்ப அறக்கட்டளைக்கு அப்படிக் கொடுத்தால் மட்டும் 2017 முதல் வருமான வரிச் சட்டத்தின் 7சி என்ற பிரிவு குறுக்கே வந்து, வாங்காத வட்டியை நன்கொடையாகக் கணக்கிடும். மகனுக்குக் கொடுத்த 4,00,000 ரேண்ட் கடனில் ஒவ்வொரு வரி ஆண்டும் ஒரு லட்சம் வீதம் தள்ளுபடி செய்துகொண்டே வந்தால், அந்த வருடம் வேறு யாருக்கும் எதுவும் கொடுக்காத பட்சத்தில், நாலு வருடத்தில் வரியில்லாமல் முடியும். தள்ளுபடியை அந்தந்த வருடமே எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஐந்தாவது வருடம் உட்கார்ந்து பழைய தேதி போட்டு எழுதுவது கள்ளக் காகிதம்.

இதில் நம் ஆட்கள் தவறவிடுவது காலாவதியை. சாதாரணக் கடன் 3 ஆண்டில் காலாவதியாகும், அப்புறம் வழக்குப் போட்டு வாங்க முடியாது. 'கேட்கும்போது திருப்பித் தர வேண்டும்' என்று மட்டும் எழுதியிருந்தால், கேட்ட நாளிலிருந்து 3 ஆண்டு என்று நினைப்போம். பொதுவாக அப்படி இல்லை, கடன் கொடுத்த நாளிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். 2017இல் அரசியல் சாசன நீதிமன்றம்வரை போன ஒரு வழக்கில் கடன் கொடுத்த நிறுவனம் இப்படித்தான் தோற்றது. அதனால் ஒப்பந்தத்தில் திருப்பித் தரும் தேதியைத் தெளிவாக எழுதுங்கள். 'இன்ன தொகை இன்னும் பாக்கி இருக்கிறது' என்று மகன் அவ்வப்போது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். சொந்த மகனிடம் கையெழுத்தா என்று அம்மாக்கள் சங்கடப்படுவார்கள். நாளைக்கு மகனுக்கு விவாகரத்து என்றோ கடைக்குத் திவால் என்றோ வந்தால், அந்தப் பணம் உங்களுடையது என்று காட்ட அந்தக் கையெழுத்துதான் இருக்கும்.

வீட்டுக்கு வருவோம். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பல குடும்பங்களுக்கு இருக்கும் ஒரே சொத்து வீடு. கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் துரத்தப்பட்டு, மாநகராட்சி கட்டிய வீட்டில் குடியேறி, வருடக்கணக்கில் தவணை கட்டிச் சொந்தமாக்கியது. பின்னால் அவுட்பில்டிங் கட்டி மகன் குடும்பமும் அங்கேயே இருக்கும். அம்மாவுக்கு வயதாகிறது, 'இப்பவே என் பேருக்கு எழுதிக்கொடுத்துடுங்க, அப்புறம் சிரமம்' என்று பேச்சு வருகிறது. மகன்மேல் சந்தேகம் வேண்டாம், கணக்கை மட்டும் பார்ப்போம்.

வீட்டின் சந்தை மதிப்பு 15,00,000 ரேண்ட், அம்மா விதவை, வீடு அவர் பெயரில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று நன்கொடையாக எழுதிக்கொடுத்தால் ஒரு லட்சம் போக 14 லட்சத்துக்கு 20 சதவீதம். 2,80,000 ரேண்டை அம்மா கட்ட வேண்டும், அதுவும் அடுத்த மாதக் கடைசிக்குள். ஓய்வூதியத்தில் வாழும் அம்மா எங்கே போவார்? சொத்து மாற்றத் தீர்வை தனி. அதைக் கட்டுவது வாங்கும் மகன், இலவசமாக வாங்கினாலும் மதிப்பின்மேல் உண்டு. 2025 ஏப்ரல் முதல் 12,10,000 ரேண்ட் வரை தீர்வை இல்லை, அதற்குமேல் முதல் படி 3 சதவீதம். இங்கே 8,700 ரேண்ட் வரும். கன்வேயன்சர் கட்டணமும் உண்டு. நகராட்சி வரி, தண்ணீர், மின்சாரம் பாக்கி இல்லை என்ற சான்றிதழும் வேண்டும். வீட்டின்மேல் பாண்ட், அதாவது வீட்டுக் கடன், பாக்கி இருந்தால் வங்கியை ஒதுக்கிவிட்டுப் பெயர் மாற்றவே முடியாது.

இதையே அம்மா உயிலில் எழுதிவைத்தால்? மரணச் சொத்து வரிக்கு, அதாவது எஸ்டேட் டூட்டிக்கு, ஒருவருக்கு 35,00,000 ரேண்ட் வரை கழிவு உண்டு. முன்னால் இறந்த கணவர் தன் கழிவைப் பயன்படுத்தாமல் விட்டிருந்தால் அதுவும் அம்மாவின் கணக்கில் சேர்ந்து 70 லட்சம் வரை போகும். அம்மாவின் மொத்தச் சொத்தே அந்த வீடும் கொஞ்சம் சேமிப்பும்தான் என்றால் வரி ஒரு சென்ட்கூட இல்லை. வாரிசுக்கு வரும் வீட்டுக்கு மாற்றத் தீர்வையும் இல்லை. இறந்தவரின் சொத்தைப் பைசல் செய்து கொடுக்கும் எக்ஸிக்யூட்டருக்குக் கட்டணம் உண்டு, விதிப்படி மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம், அவர் வாட் பதிவு செய்தவரானால் வாட் தனி. 15 லட்சத்துக்கு 52,500 ரேண்ட். அதையும் முன்கூட்டியே பேசிக் குறைக்கலாம், உயிலிலேயே குறைந்த விகிதம் எழுதலாம். இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரண வீட்டுக்கு இந்த நன்கொடை கணக்கில் நிற்கவே நிற்காது.

சரி, இலவசமாக வேண்டாம், குறைந்த விலைக்கு விற்றுவிடலாமா? சட்டம் அதையும் யோசித்து வைத்திருக்கிறது. போதுமான விலை வாங்காமல் கொடுத்தால் குறைந்த பகுதி நன்கொடை. 12 லட்சம் மதிப்புள்ள வீட்டை 4 லட்சத்துக்கு மகனுக்கு 'விற்ற' அம்மா, 8 லட்சம் நன்கொடை கொடுத்தவர் ஆகிறார். ஒரு லட்சம் போக மீதிக்கு 1,40,000 ரேண்ட் வரி. சொத்தை விற்று வரும் லாபத்துக்கான மூலதன ஆதாய வரியும் சந்தை விலையில் விற்றதாகவே கணக்குப் பார்க்கும். தாம் வாழும் வீட்டுக்கு ஆதாயத்தில் பெரிய விலக்கு இருப்பதால் பலருக்கு அது கடிக்காது. வாடகைக்கு விட்ட இரண்டாவது வீட்டுக்கு அந்த விலக்கு இல்லை, அங்கே நன்கொடை வரியும் ஆதாய வரியும் சேர்ந்தே வரும்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் இப்போதே மாற்றத்தான் வேண்டும் என்று குடும்பம் முடிவு செய்தால், அம்மா சாகும்வரை அந்த வீட்டில் வாழும் உரிமையைப் பத்திரத்திலேயே பதிவு செய்யுங்கள். வாய்ப்பேச்சாக விடாதீர்கள். நாளைக்கு வீடு விற்கப்பட்டாலும் மருமகள் மாறினாலும் பதிவான உரிமை நிற்கும். அந்த உரிமைக்கு ஒரு மதிப்புப் போட்டு நன்கொடைத் தொகையிலிருந்து கழிப்பார்கள் என்பதால் வரியும் ஓரளவு குறையும். பின்னால் மரணச் சொத்து வரியில் அதற்கு ஒரு கணக்கு உண்டு.

அப்படியானால் உயிரோடு இருக்கும்போது கொடுப்பதில் வரி லாபமே இல்லையா? சொத்து 35 லட்சத்துக்கு நன்றாகவே மேலே இருப்பவர்களுக்கு உண்டு. எஸ்டேட் டூட்டியும் 20 சதவீதம்தான், அதனால் பெரிதாக ஒரே தடவை கொடுப்பதில் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. வருடா வருடம் ஆளுக்கு ஒரு லட்சம் வரியில்லாமல் வெளியே போய்க்கொண்டே இருந்தால் அது பின்னால் கணக்கில் வராது, அதன் வளர்ச்சியும் பிள்ளை கையில் போகும். டோங்காட்டிலோ வெருலத்திலோ கடையும் நிலமும் வைத்திருப்பவர்கள் இதை ஐம்பது வயதில் ஆரம்பிக்கலாம், எழுபத்தைந்தில் ஆரம்பித்தால் பலன் கொஞ்சம்தான். ஆனால் கொடுப்பதற்காகவே ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பானையிலிருந்து, அதாவது ஓய்வுக்கு முன்னாலேயே எடுக்க அனுமதிக்கும் பகுதியிலிருந்து, எடுக்க வேண்டாம். எடுத்த தொகை அந்த வருட வருமானத்தில் சேர்ந்து முதலில் வருமான வரி போகும். மீதிதான் உங்கள் கையில், அப்புறம்தான் பிள்ளை கையில்.

மகள் லண்டனிலோ பெர்த்திலோ இருந்தால் நன்கொடை வரி அதேதான், அவள் எங்கே இருக்கிறாள் என்பது பொருட்டில்லை. கொடுப்பவர் இங்கே வரிக் குடியிருப்பாளர் என்பதுதான் கணக்கு. கூடவே அந்நியச் செலாவணி வரம்பு. 2025இல் ஒருவர் ஒரு வருடத்தில் தனி அனுமதி கேட்காமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடிந்தது 10,00,000 ரேண்ட். பரிசுப் பணமும் பயணச் செலவும் எல்லாம் இதற்குள்தான். இது ஜனவரி முதல் டிசம்பர் வரை ஓடும் வருடம், நன்கொடை விலக்கோ மார்ச் முதல் பிப்ரவரி வரை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு அனுப்புகிறவர்கள் உண்டு. பணம் போய்ச் சேரும் நாட்டின் சட்டத்தை மகளே அங்கே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக வரியைவிடக் குடும்பத்தைப் பிரிக்கும் விஷயங்கள் இரண்டு. முதலாவது, பிள்ளையின் கல்யாண முறை. ஒப்பந்தம் எதுவும் எழுதாமல் சிவில் திருமணம் செய்தவர்கள் இங்கே தானாகவே கூட்டுச் சொத்து முறைக்குள் வருவார்கள். அவர்களில் ஒருவருக்கு நீங்கள் கொடுக்கும் பணம் இருவரின் பொதுச் சொத்தில் விழும், நாளைக்குப் பிரிந்தால் பாதி மருமகனுக்கோ மருமகளுக்கோ. அது வேண்டாம் என்றால் கொடுக்கும்போதே, 'இது கூட்டுச் சொத்தில் சேராது, என் மகளுக்கு மட்டும்' என்று கொடுப்புக் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். வளர்ச்சியைப் பங்கிடும் அக்ரூவல் முறையில் கல்யாணம் செய்திருந்தால் நன்கொடையும் வாரிசுச் சொத்தும் அந்தப் பங்கீட்டில் சேராது என்று 1984ஆம் ஆண்டுத் திருமணச் சொத்துச் சட்டமே சொல்கிறது. ஆனால் எது நன்கொடை என்று காட்டக் காகிதம் வேண்டும்.

இரண்டாவது, கொலேஷன் என்ற பழைய ரோமன்-டச்சு விதி. பெற்றோர் உயிரோடு இருக்கும்போது ஒரு பிள்ளைக்கு வாழ்க்கையில் முன்னேறப் பெரிதாகக் கொடுத்திருந்தால், கடை வைக்க முதல், சீர், பரம்பரைச் சொத்தின் முன்பணம் போல, அந்தப் பிள்ளை பரம்பரைப் பங்கு கேட்கும்போது அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உடன்பிறந்தவர்கள் கேட்கலாம். சாதாரண வளர்ப்பு, படிப்புச் செலவு இதில் வராது. பெரியண்ணனுக்கு டெபாசிட் கொடுத்தார்கள், எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று அப்பா இறந்த பிறகு தங்கை பேசுவது கோபப் பேச்சு மட்டும் இல்லை, அதற்குச் சட்டத்தில் பிடி இருக்கிறது. இந்த விதியை விலக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அண்ணனுக்குக் கொடுத்ததைக் கழிக்க வேண்டுமா வேண்டாமா என்று உயிலில் ஒரு வரி எழுதினால் போதும். எழுதாவிட்டால், பத்து வருடத்துக்கு முன்னால் கைமாறிய பணம் பரிசா கடனா முன்பணமா என்று பழைய வங்கி அறிக்கைகளை வைத்து எக்ஸிக்யூட்டர்தான் முடிவு செய்ய வேண்டிவரும்.